வாராவாரம் எண்ணெய் விட்ட ஆம்ப்

வால்வு ரேடியோ மாதிரி டியூப் போட்ட பழைய கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி), அஞ்சே வாட், விலை மலிவு, இடம் நல்லூர் என்று ஆன்லைனில் பார்த்தேன். சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீட்டில் உட்கார்ந்து வாசிப்பவனுக்கு அதற்கு மேல் வாட் எதற்கு? இன்று காலையிலேயே போய் நின்றேன்.

விற்பவர் பனியன் யூனிட் முதலாளி. கிட்டார் வாசித்த மகன் வெளிநாடு போய்விட்டதால், ஆம்ப் தையல் மிஷின்களுக்கு நடுவே கிடந்தது.

"புதுசாட்டம் வெச்சிருக்கறனுங்க," என்றார்.

ஆன் செய்தேன். டியூப் சிவந்தது. கூடவே பஞ்சு கருகும் நாற்றம். பதறி அணைத்துவிட்டுத் திருப்பிப் பார்த்தால், உள்ளே பனியன் பஞ்சு மெத்தை மாதிரி அடைந்து, சொதசொதவென்று ஊறி, கரப்பான்கள் அதில் ஒட்டிச் செத்திருந்தன. தொட்ட விரலெல்லாம் பிசுக்கு.

"என்னங்கண்ணா இது?"

"மிஷின் எண்ணெய்ங்க. சனிக்கிழமையானா எல்லா மிஷினுக்கும் விடறப்ப இதுக்கும் விட்டுருவனுங்க. பையன் இல்லீன்னாலும் ஒரு வாரம் தப்புனதில்லீங்க."

இதில் பெருமை வேறு. விரலைத் துடைத்துக்கொண்டே வேண்டாம் என்றேன்.

"ஏனுங்க, உங்க கிட்டாருக்கு என்ன எண்ணெய்ங்க விடறீங்க?"

"எதுவும் விடறதில்லீங்க."

நான் அந்தக் கரப்பான்களைப் பார்த்த மாதிரியே அவர் என்னைப் பார்த்தார். "இப்படி வெச்சுப் பொழங்கறவங்களுக்கு நானே தரமாட்டனுங்க," என்று ஆம்பைத் துணி போட்டு மூடிவிட்டார்.

எவ்வளவு சோப்புப் போட்டும் விரல் இன்னும் வழுக்குகிறது. கிட்டார் வாசிக்கும் நண்பர்களே, உண்மையைச் சொல்லுங்கள்: நீங்கள் எல்லாரும் எண்ணெய் விடுகிறீர்களா?