நுனி பிரித்த கயிறு

கயிறு அறுந்து போகவில்லை. நான்தான் அறுத்தேன்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு இவ்வளவு வயதாகிவிட்டது... ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் ‘அறுந்தது’ என்பதற்கும் ‘அறுத்தது’ என்பதற்கும் நடுவில் ஓர் எழுத்துதான் வேறுபாடு என்பது தெரியும். அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால்தான் ஆயுள் முழுக்க ஒளிந்திருந்தேன்.

நீங்கள் யாரோ, எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். தெரிந்தவர்கள் எல்லாரும் என்னை நல்லவன் என்கிறார்கள்! கறம்பக்குடியில் எங்கள் தெருவில் வந்து விசாரித்துப் பாருங்கள். “கூடப்பொறந்தவள கடைசி வரைக்கும் வச்சுக் காப்பாத்துறாரு. அண்ணன்னா இப்புடியில்ல இருக்கணும்” என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி அங்கிருந்து நழுவிவிடுவேன்.

அந்தக் கூடப்பிறந்தவள் அஞ்சலை. என் ஒரே தங்கை. அவளுடைய புருஷன் கருப்பையா இருந்த வள்ளத்தின் கயிற்றைத்தான் நான் அறுத்தேன்.

அப்போது எங்கள் கரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பாய்மரத் தோணிகள் சரக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தன. இன்ஜின் கிடையாது, காற்று இழுத்த இழுப்புதான். மழை பொய்த்து வயல் காய்ந்த ஒரு வருடம், நானும் கருப்பையாவும் மணமேல்குடிக்குப் போய் ஒரு தோணியில் வேலைக்குச் சேர்ந்தோம். எங்கள் குடும்பங்களில் அதற்கு முன் யாரும் கடலில் கால் நனைத்ததில்லை. அஞ்சலைக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. “எங்கண்ணன் பயந்தவரு, நீங்கதான் பாத்துக்கணும்” என்று என்னை அவனிடம் ஒப்படைத்து அனுப்பினாள். என்னை அவனிடம்!

சரக்கு, திருமயம் பக்கத்துச் செட்டியார் ஒருவருடையது. அடியில் கூரை ஓடு, மேலே மூட்டை மூட்டையாக மிளகாய் வற்றல். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். தண்டல், பாய் இழுக்க இரண்டு ஆட்கள், நாங்கள் இருவர். ஆழமில்லாத கரையில் இறங்குவதற்கு ஒரு சின்ன வள்ளம் உண்டு. அதைக் கயிற்றில் கட்டித் தோணிக்குப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போவோம்.

அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பயந்தவனுக்கு ஏற்ற வேலை என்று தண்டல் கொடுத்தார்.

ஐப்பசி மாதத்துப் பயணம். அக்கரைப் பனைமரங்கள் கோடு கிழித்ததுபோல் தெரியத் தொடங்கியிருந்தன. பட்டப்பகலில் வானம் கறுத்தது... பின்னாலிருந்து காற்று அடித்தது. வள்ளத்துக்குள் அலை ஏறித் தண்ணீர் நிரம்பியது. யாராவது அதில் இறங்கி இறைத்தாக வேண்டும். முறைப்படி நான்தான் இறங்கியிருக்க வேண்டும். என் கால் நகரவில்லை.

கருப்பையா என்னைப் பார்த்துச் சிரித்தான். “நீ இரு மச்சான். நீ எறங்குனா தண்ணி எறைக்க மாட்டே, அழுதே வள்ளத்த ரொப்பிருவே!”

“பாத்து எறங்கு மாப்ள” என்றேன். அவனிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

அந்த நேரம் பார்த்துப் பாய் இறங்காமல் சிக்கிக்கொண்டது. சுக்கானை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்டலும் அந்த இரண்டு ஆட்களும் பாய்மரத்தடிக்கு ஓடினார்கள். பின்பக்கத்தில் நான் ஒருவன். கையில் சுக்கான். காலடியில் வள்ளத்துக் கயிறு.

வள்ளம் அலைமேல் ஏறி வந்து தோணியின் பின்பக்கத்தில் மோதியது. மறுபடியும் மோதியது. சுக்கான் என் கைக்குள் அதிர்ந்தது. இது உடைந்தால் தோணி போச்சு, எல்லாரும் போனோம்... என் தலைக்குள் அது மட்டும்தான் ஓடியது. எல்லாரும் என்றா நினைத்தேன்? இல்லை, உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்! ‘நான் போனேன்’ என்றுதான் நினைத்தேன்.

பாய்மரத்தடியிலிருந்து தண்டல் குரல் கொடுத்தார். “கயித்த விடுடா! விடு!”

விடு என்றால் இன்னும் நீளமாக விடு, வள்ளம் தள்ளிப் போகட்டும் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாதா? எத்தனையோ தடவை அப்படி விட்டிருக்கிறேன்! பிற்பாடு, தண்டல் சொல்லித்தானே செய்தேன், என் காதில் அப்படித்தானே விழுந்தது என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். சரி, விடுவதற்குக் கத்தி எதற்கு? அவர் சத்தம் போடுவதற்கு முன்பே கத்தி என் கையில் இருந்ததே... அது எதற்கு?

அறுத்தேன்.

கருப்பையா தண்ணீர் இறைத்த தகரத்தைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கத்தியைப் பார்த்தானா? அது மட்டும் இன்றைக்கு வரை எனக்குத் தெரியவில்லை... அடுத்த அலையில் வள்ளம் குப்புறக் கவிழ்ந்தது. தார் பூசிய அடிப்பலகை கறுப்பாக ஒரு முறை மேலே வந்தது. ஒரு கை வந்தது. பிறகு இரண்டும் இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் அலறினேன். “கயிறு அறுந்துருச்சு! கயிறு அறுந்துருச்சு!”

மற்றவர்கள் ஓடி வந்து பார்க்கும்போது மழைத்திரை இறங்கிவிட்டது. வள்ளம் கவிழ்ந்ததைப் பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை. ஒன்றும் தெரியவில்லை என்றேன். “கரை இந்தா தெரியுது, நீந்துனாக்கூடப் போயிருவான்” என்று தண்டல் என்னைத் தேற்றினார்.

காற்று திசை மாறி, எங்களை இங்கிட்டே அடித்துக்கொண்டு வந்தது. விடியும்போது மணமேல்குடிக்கு வடக்கே ஒரு மணல் திட்டில் தோணி ஏறி, வயிறு பிளந்து உட்கார்ந்தது. எந்தச் சுக்கானுக்காக அவனை அறுத்துவிட்டேனோ அந்தச் சுக்கான் இரண்டாகக் கிடந்தது! இடுப்பளவு தண்ணீரில் நடந்து தண்டலும் ஆட்களும் கரைக்கு உதவி தேடிப் போனார்கள். சரக்குக்குக் காவலாக என்னை விட்டுப் போனார்கள்.

கடல் அப்போது ஒன்றுமே நடக்காததுபோல் கிடந்தது. உடைந்த வயிற்றிலிருந்து மிளகாய் வற்றல் வெளியேறி, கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பாக மிதந்தது. நான் மட்டும் இருந்தேன். தோணியின் பின்கட்டையில் கட்டியபடியே அந்தக் கயிற்றின் மிச்சமும் இருந்தது. அதன் நுனி, வெட்டிய வெண்டைக்காய்க் காம்புபோல் நேராக இருந்தது.

தானாக அறுந்த கயிறு அப்படி இருக்காது. நார் நாராகப் பிய்ந்து தொங்கும்.

நான் உட்கார்ந்து பிரித்தேன். ஒவ்வொரு புரியையும் முறுக்கு அவிழ்த்தேன். ஓட்டுச் சில்லில் வைத்துத் தேய்த்தேன். பல்லால் கடித்து இழுத்தேன். விரல் நுனியெல்லாம் ரத்தம் கசிந்தது, மிளகாய்த் தண்ணீர் பட்டு எரிந்தது... நிறுத்தவில்லை. கயிற்றை அறுத்தபோது எனக்குப் புத்தி கலங்கியிருந்தது என்று நீங்கள் மன்னித்துவிடலாம். ஆனால் இதை நான் நிதானமாகச் செய்தேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கை நடுங்கவே இல்லை! என் வாழ்நாளில் கை நடுங்காமல் நான் செய்த ஒரே காரியம் அதுதான்.

தண்டல் திரும்பி வந்ததும் முதலில் அந்த நுனியைத்தான் கையில் எடுத்தார். புரட்டிப் பார்த்தார். பிறகு என் விரல்களைப் பார்த்தார்.

“கையில என்னடா ரத்தம்?”

“பலக கீறிருச்சுண்ணே.”

“நார்க்கயிறு இப்புடித்தான் ஏமாத்திப்புடும்” என்று சொல்லிக் கயிற்றைக் கீழே போட்டார். அவருக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தும் விட்டுவிட்டாரா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கரையில் செட்டியார் நின்றிருந்தார். சரக்கு முழுவதும் போனவர். “ஓடும் வத்தலும் கெடக்கட்டும்ப்பா. ஆளுக எல்லாரும் வந்துட்டீகளா?” என்றுதான் கேட்டார். அந்த மனிதர் திட்டியிருந்தால்கூட என் வாயில் உண்மை வந்திருக்குமோ என்னவோ!

அந்த வருடம் கரையோர ஊர்களில் பல வீடுகளில் உப்பேறிய மிளகாயில் குழம்பு வைத்தார்கள். கடல் கொடுத்த வற்றல் என்று சொல்லி அள்ளிக் காயவைத்தார்கள். எனக்கு இன்றைக்கும் சிவப்பாகக் குழம்பு வைத்தால் இறங்காது.

அஞ்சலை அழவில்லை. “கயிறுதானேண்ணே அறுந்துச்சு? அவரு நல்லா நீந்துவாரு. அங்கிட்டுக் கரையேறியிருப்பாரு” என்றாள். நான் தலையை ஆட்டினேன். அந்த ஒரு தலையாட்டலில் அவளைக் கட்டிப்போட்டுவிட்டேன்.

முதலில் ஊர் அவளுக்காகப் பரிதாபப்பட்டது. வருடங்கள் போகப் போகப் பேச்சு மாறியது. கரை தெரிகிற தூரத்தில் விழுந்தவன், நீந்தத் தெரிந்தவன், ஒரு கடிதாசிகூடப் போடவில்லையே... அங்கே எவளையோ சேர்த்துக்கொண்டான் என்றார்கள். இவளிடம் என்ன குறையோ என்றும் பேசினார்கள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு கறம்பக்குடிக்கு வந்தேன். சந்தையில் மூட்டை தூக்கினேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கைக்காகத் தியாகம் என்றார்கள்! தாலி என்றாலும் அதுவும் ஒரு கயிறு... அதைக் கையில் வாங்க எனக்குப் பயம். தொட்டில் கட்டிய வீட்டுக்குள் போனால், அதன் கயிற்றை இழுத்துப் பார்க்காமல் என்னால் உட்கார முடியாது. ஆட்டுக்குட்டி கட்டிய கயிற்றைக்கூடப் போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்ப்பேன்.

அஞ்சலை மட்டும் ஆடி தோறும் மஞ்சள் கயிறு மாற்றினாள். வெள்ளி தவறாமல் குங்குமம் வைத்தாள்.

பிறகு யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டது. சனங்கள் அகதிகளாக இங்கே வந்தார்கள். திருமயம் போகிற வழியில் ஒரு முகாம் இருந்தது. அஞ்சலைக்கு அது தெரிந்த நாளிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. “யாழ்ப்பாணத்துக்காரங்களாம்ண்ணே. ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துருவோம்.” பஸ்ஸுக்கு நான்தான் டிக்கெட் எடுத்தேன். கொட்டகை கொட்டகையாக அவள் நுழைந்து, “கருப்பையான்னு ஒருத்தரு... நெத்தியில ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும்” என்று விசாரிக்க, நான் பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு நடந்தேன். நினைத்துப் பாருங்கள்! அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்த ஒரே ஆள், குடையோடு நடக்கிறேன்...

பல தடவை போனோம். ஒரு தடவை ஒரு பெண் யோசித்துவிட்டுச் சொன்னாள். “ஓம் அக்கா, கருப்பையா எண்டு ஒருத்தர் எங்கட ஊரில இருந்தவர். இந்தியாவில இருந்து வந்தவர் எண்டுதான் சொல்லுவினம். தழும்பெல்லாம் எனக்கு நினைவில்லை. மூண்டு பிள்ளையள்.”

வேறு யாரோ ஒரு கருப்பையா. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு கருப்பையா இருப்பான். இல்லையம்மா, அவன் இவன் இல்லை என்று சொல்ல என்னால் மட்டும்தான் முடியும்.

எனக்கு அப்போது என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம்! அவன் பிழைத்திருக்கிறான், பிள்ளை குட்டியோடு இருக்கிறான், நான் யாரையும் கொல்லவில்லை... என் கண்ணால் பார்த்த அந்தக் கையையே பொய் என்று தள்ளிவிட்டு, கொஞ்ச நாள் நன்றாகத் தூங்கினேன். அவள் எரிந்த நெருப்பில் நான் குளிர் காய்ந்தேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடி வந்தவள், ஊர் நெருங்கும்போது ஒன்றுதான் சொன்னாள். “மூணு புள்ளைகளாம்ண்ணே.”

வீட்டுக்கு வந்து நெற்றியைக் கழுவினாள். அதன் பிறகு குங்குமம் வைக்கவில்லை, கயிறு மாற்றவில்லை. கழற்றவும் விடவில்லை ஊர். “புருசன் உசுரோட இருக்கயில எப்புடித்தா கழட்டுவ?” என்று கேட்டார்கள். கழுத்தில் அந்தக் கயிறு கறுத்து, அழுக்கேறி, அப்படியே கிடந்தது.

இப்போது கீழே விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டாள். போன வாரம் மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கையைத் தள்ளினாள்.

“அண்ணே, எனக்கு ஒண்ணு செய்வீங்களா? இத அறுத்துருங்க. அந்தாளு கயிறோட என்னயத் தூக்கிட்டுப் போயிராதீங்க.”

எந்த வார்த்தையைச் சொன்னாள், கேட்டீர்களா!

“நீயே கழட்டிக்க ஆத்தா...”

“கை தூக்க முடியலண்ணே. நீங்கதானே கட்டிக்குடுத்தீங்க. நீங்களே அறுங்க.”

கத்திரிக்கோலை எடுத்து வந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைத் திருப்பிக் கொடுத்தாள். இதுதான் நேரம், இதைவிட்டால் இல்லை என்று எனக்கே தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

“அஞ்சல... மாப்ள ஒன்னய விட்டுட்டுப் போகல ஆத்தா.”

“இன்னமும் அந்தாளுக்கே பரிஞ்சு பேசுங்க. நல்ல மச்சான்தான் போங்க!” என்றாள். சலிப்போடு சிரித்ததுபோலவும் இருந்தது. “சும்மா அறுங்கண்ணே, கழுத்து வலிக்குது.”

ஒரு வார்த்தை... இன்னும் ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. கை முந்திக்கொண்டது. அன்றைக்கும் கைதான் முந்தியது.

“ஆச்சாண்ணே?”

“அதுவா அறுந்துருச்சும்மா” என்றேன். “பழைய கயிறு.”

அவள் இன்னும் இருக்கிறாள். இதை எழுதும்போது உள்ளே இருமுகிறாள். எழுந்து போனால் நாலு எட்டில் அவள் கட்டில். போய்ச் சொல்லலாம்... அவனை வெறுத்துக்கொண்டே சாகவேண்டாம், வெறுக்கவேண்டியவன் உனக்குக் கஞ்சி ஊட்டுகிறவன் என்று சொல்லலாம். சொன்னால் அவளுக்குப் புருஷன் கிடைப்பான். அண்ணன் போய்விடுவான். வேறு யாருமே இல்லாதவளுக்கு அதையும் செய்யவா? இல்லை, இதுவும் நான் எனக்காகப் புனைகிற சாக்கா?

அன்றைக்கு அவள் தூங்கிய பிறகு, அந்த அழுக்குக் கயிற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. தெருவில் போன ஒருவர், “என்னங்கய்யா பண்றீங்க?” என்று கேட்டபோதுதான் குனிந்து பார்த்தேன்.

கத்திரி பட்ட அந்த நுனியை என் விரல்கள் நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருந்தன.