கேட்காமலே விக்கெட் எடுத்தவர்

சவரிமுத்து இறந்த செய்தியை, நேற்றுக் காலை நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றிவரும் லொறியின் சாரதி கொண்டுவந்தார். ஹட்டனில் என் துணிக்கடையை அப்போதுதான் திறந்து, சாரங்களை வெளியே தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். "நானா, நம்ம போலர் சவரி போயிட்டாருங்க. நேத்து சாயங்காலம்" என்றார். முஸ்லிம் கடைக்காரன் என்பதால் இங்கே எல்லோருக்கும் நான் "நானா"தான். எனக்கு முதலில் துக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறிய பிறகும் அது ஆறவில்லை. அவரை அறிந்த நீங்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். அவரிடம் ஒரு தடவையாவது கோபப்படாதவர் உங்களில் யார்?

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர் அவர். எங்கள் மலைநாட்டு அணிக்காக மாவட்டப் போட்டிகளில் ஆடிய சுழற்பந்து வீச்சாளர். அணியில் பாதிப்பேர் தோட்டங்களை நடத்தும் துரைமார். மிச்சம் கிளாக்கர்மாரும் என்னைப் போன்ற நகரத்துக் கடைக்காரர்களும். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்திலிருந்து வந்தவர் இவர் ஒருவரே. நான் விக்கெட் காப்பாளன் என்பதால் அவருடைய பந்தை என்னைவிட அதிகம் பார்த்தவர் யாரும் இல்லை. பாய் விரித்த ஆடுகளத்தில் விழுந்து அது எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்கே பல நேரம் தெரியாது.

முதல் ஆட்டத்திலேயே மனிதரின் குணம் தெரிந்துவிட்டது. அவர் போட்ட பந்து நடு ஸ்டம்புக்கு நேராக மட்டையாளரின் காலில் பட்டது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும் அது அவுட் என்று. ஆனால் யாராவது கேட்டால்தான் அம்பயர் விரலைத் தூக்குவார். ஆட்டத்தின் சட்டம் அப்படி. இவர் கேட்பார் என்று நானும் பார்க்கிறேன், அம்பயரும் பார்க்கிறார். இவரோ முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த பந்து போட நடந்துகொண்டிருக்கிறார். கடைசியில் நான்தான் தொண்டை கிழிய "ஹவ்ஸ் தட்" என்று கத்தினேன். விரல் உயர்ந்தது. இடைவேளையில், ஏன் ஐயா கேட்கவில்லை என்றேன். "அவுட்டுன்னு அவருக்குத் தெரியுதுல்ல நானா? தெரிஞ்சவருகிட்ட என்னத்தக் கேக்குறது?" என்றார்.

துரைமாரிடம் பயம் என்று சிலர் சொன்னார்கள். பயந்தவர் துரைமாரின் ஸ்டம்பை அப்படிச் சாய்க்க மாட்டார். அது வீம்பு, கலப்படமில்லாத வீம்பு. அன்றுமுதல் அவருக்காகக் கத்துவது என் வேலையாயிற்று. ஆட்டம் முடிந்த மறுநாள் கடையில் விலை சொல்லக்கூடக் குரல் எழும்பாது. என் மனைவி இஞ்சித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, விக்கெட் அவருக்கு, தொண்டைக்கட்டு உங்களுக்கா என்பாள்.

தோட்டத் தமிழர்களைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கச் சொன்ன காலத்திலும் இதே கதைதான். வேலை மெனக்கெட்டு அவர் லயத்துக்குப் போய், நானே எழுதித் தருகிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று மன்றாடினேன். "நான் பொறந்தது இங்க. எங்கப்பன் பொறந்ததும் இங்க. இங்க இருக்குறதுக்கு எவங்கிட்ட கேக்கணும், நானா?" என்றார். நியாயம் அவர் பக்கம் இருந்தது. ஆனால் நியாயத்தைப் பார்த்தா பிரஜாவுரிமை கொடுத்தார்கள்? ஞானம்மா, அவர் மனைவி, கொடுத்த தேத்தண்ணியைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

இத்தனைக்கும் மனிதருக்குக் கேட்கத் தெரியாது என்றில்லை. நுவரெலியாவில் ஓர் ஆட்டத்தில் பந்து எகிறி என் தாடையில் அடித்து வாயெல்லாம் இரத்தம். எல்லோரும் தண்ணீர், துண்டு என்று அலைந்தபோது, இவர் நேராகப் போய், ஆட்டம் பார்க்க வந்திருந்த ஒரு துரையின் முன்னால் நின்று, "தொரை, காரு வேணும். இப்பவே வேணும்" என்றார். அந்தத் துரை திகைத்துப்போய் தானே ஓட்டிவந்தார். ஆஸ்பத்திரி வரை என் தாடையைப் பிடித்திருந்தவர் சவரிமுத்துதான். இந்த வாய் இவ்வளவு காலம் எங்கே போயிருந்தது என்று கேட்கத் துடித்தேன். எனக்குத்தான் வாய் திறக்க முடியவில்லை.

நான் இன்றும் மன்னிக்காதது கொழும்பு ஆட்டத்தை. இலங்கை அணிக்கு ஆள் தேடுகிறவர்கள் அதைப் பார்க்க வருவதாக இருந்தது. இவரைத்தான் பார்க்க வருகிறார்கள் என்று எங்கள் கேப்டன் வெளிப்படையாகவே சொன்னார். சவரிமுத்துவின் தோட்டத்துக்கு அப்போது புதுத் துரை. கேப்டன் டெலிபோனில் பேசியபோது, தாராளமாக லீவு தருகிறேன், காலைப் பெரட்டில் ஆட்களைக் கூப்பிடும்போது என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கட்டும் என்றாராம். இவர் பெரட்டுக்குப் போனார், நின்றார். துரை இவரையே பார்த்தபடி நின்றார். பிறகு இவர் திரும்பி ஸ்டோருக்கு நடந்துவிட்டார். "வாயத் தொறந்தா போதும்னு தொரையே காத்துக்கிட்டு நின்னாருங்க" என்று அந்தத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு பிறகு என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார். நாங்கள் ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சியின் வாசலில் நின்று, அது புறப்படும்வரை ஸ்டேஷன் படியில் அவர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கொழும்பில் தோற்றோம். அடுத்த ஆண்டு அணிக்கு ஆள் எடுத்தபோது அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. அவர் வருத்தப்பட்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. அது என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது.

நேற்று லயத்தில் ஞானம்மா சொன்னதைக் கேட்ட பிறகு எரிச்சல் என்ற சொல் போதாது. கொஞ்ச நாளாகவே நெஞ்சுச் சளியாம், காய்ச்சலாம். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகத் தோட்டத்து லொறி ஸ்டோர் வாசலில்தான் நின்றிருக்கிறது. "கேளுங்கன்னேன் நானா. எனக்குக் காய்ச்சல்னு அவங்களுக்குத் தெரியும், லொறி நிக்கிறதும் தெரியும், அப்புறம் என்னத்தக் கேக்குறதுன்னாரு. நானாவது போறேன்னு எந்திரிச்சேன். கையைப் புடிச்சுக்கிட்டாரு. விடல." அவர் கையைப் பிடித்தால் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அடக்கத்துக்கு வந்த பழைய ஆட்டக்காரர்கள் அவருடைய பந்தைப் பற்றிப் பேசினார்கள். அது அவர்களுக்கு இருக்கட்டும். எனக்கு அவர் விட்டுப்போனது அந்தக் கத்தல் ஒன்றுதான். அவருக்காகவே பழகிய குரல், வேறு எவருடைய பந்துக்கும் அது அப்படி வந்ததில்லை. பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது அந்தக் கத்தல் வெளியே வரப் பார்த்தது. மேலே இருப்பவனுக்குத் தெரியாதா, தெரிந்தவனிடம் என்னத்தைக் கேட்பது என்று அவர் சொல்லியிருப்பார். சொல்லட்டும். பாதிரியார் ஜெபித்து முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு எல்லோரும் இறங்கிப் போனதும், மேலே பார்த்து, தொண்டை கிழியக் கேட்டேன்: "ஹவ்ஸ் தட்?"