ஒரே இருப்பு

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னை இடம் மாறி இருக்கச் சொன்னால் நான் மாறமாட்டேன். லண்டனில் பெயரெடுத்த சாப்பாட்டுக் கடைகளில் இன்றைக்கு இதுதான் மோஸ்தர்: முதல் இரண்டு வாய் வாசலில், அடுத்தது குசினிக்குள் அடுப்படியில், பிறகுதான் மேசை. இப்படியான கடைகளைத் தேடித் தேடிப் போகிறவள் நான். தட்டு வந்தால் அதில் என்னென்ன இருக்கிறது என்று விளக்கம் சொல்லிச் சொல்லியே சிநேகிதர்களின் சாப்பாட்டை ஆறவைக்கிறவள். ஆனாலும் 'இனி இப்படி வாருங்கள்' என்று பரிசாரகர் கையைக் காட்டினால் கால் அசையாது. பிடிவாதக்காரி என்கிறார்கள். சொல்லட்டும். பத்து வயதில், பார்சலோனாவில், ஓர் உயரமான ஸ்டூலில் இருந்து பழகியது அது.

அந்தப் பயணம் சித்தியின் ஏற்பாடு. சித்தி அம்மாவின் தங்கை. வங்கி வேலை, வேகமான நடை, எதையும் முன்கூட்டியே பதிவுசெய்து வைக்கும் பழக்கம். சித்தி, சித்தப்பா, இரண்டு பூனைகள். தெற்கு லண்டன் ஸ்ட்ரெதமில் அந்த வீடு அன்றைக்கும் அவ்வளவுதான், இன்றைக்கும் அவ்வளவுதான். அந்த வருஷம் சித்திக்கு நாற்பது பிறந்தது. கொண்டாட்டம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒக்டோபர் பள்ளி விடுமுறைக்கு அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு பார்சலோனா போவதென்று முடிவெடுத்தார். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் லீவு இல்லை.

அந்தக் கிழமை கந்தசஷ்டி என்பது சித்திக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை என்பதோடு எங்கள் பக்தி முடிந்துவிடும். சஷ்டி விரதத்தை அதுவரை வீட்டில் ஒருவரும் பிடித்ததில்லை. அம்மாதான் திடீரென்று, இந்த முறை ஆறு நாளும் பிடிக்கப்போகிறேன் என்றார். மரக்கறி மட்டும், அதுவும் மத்தியானம் ஒரு நேரம். வெங்காயம், உள்ளிப்பூண்டு, முட்டை ஒன்றும் ஆகாது.

ஏனென்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். செப்டம்பரில் நான், கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் தெரிந்தெடுக்கும் கிராமர் ஸ்கூலுக்கான பரீட்சை எழுதியிருந்தேன். எந்தப் பள்ளிக்கூடம் கிடைக்கும் என்பது மார்ச்சில்தான் தெரியவரும். ஈஸ்ட் ஹாமில் எங்கள் தெருவில் என் வயதுப் பிள்ளை இருந்த எல்லா வீட்டிலும் கடவுளுக்கு அந்த மாதங்களில் இதுதான் வேலை. அம்மா எனக்காகப் பசி கிடக்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதே நாட்களில் அம்மா ரசம் வைத்துப் போத்தலில் ஊற்றிக்கொண்டு அடிக்கடி ஸ்ட்ரெதமுக்கு ரயிலேறினார். சித்திக்கு வயிற்றில் ஏதோ கோளாறு, ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறா என்றார். அதை நான் இதோடு சேர்த்து யோசிக்கவில்லை.

விரதம் என்றதும் சித்தி பயணத்தைக் கைவிடவில்லை. சாப்பாட்டையே பயணத்தின் நோக்கமாக்கிவிட்டார். பார்சலோனாவின் பழைய நகரத்தில் மரக்கறி மட்டுமே சமைக்கும் ஒரு பெரிய இடத்துச் சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடித்து, எது ஆகும் எது ஆகாது என்று விலாவாரியாக எழுதிக் கேட்டு, மத்தியானத்துக்கு மேசை பதிந்தார். சின்னச் சின்னதாய் ஒன்றன்பின் ஒன்றாகப் பதினாலு தட்டு வரும் என்று அறிந்ததும் அம்மா யோசித்தார். ஒரு நேரச் சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு: இருந்தால் இருந்ததுதான். முதல் வாய் வைத்தபிறகு எழும்பினால் அன்றைய சாப்பாடு முடிந்தது. கறிச்சட்டி எடுக்கவும் எழும்ப ஏலாது. பக்கத்தில் நின்று யாராவது போடவேண்டும்.

"அதுக்கென்ன அக்கா," என்றார் சித்தி. "ஒரே இருப்பில மூண்டு மணித்தியாலம் இருந்து சாப்பிடுவம்."

அம்மா அதை நம்பித்தான் வந்தார்.

விரதத்தின் நாலாம் நாள். கல் பாவிய ஒரு சந்துக்குள், பெயர்ப்பலகைகூட இல்லாத கதவு. உள்ளே விறகு எரியும் மணம். எங்களை ஒரு நீண்ட பளிங்குப் பலகைக்கு முன்னால் உயர ஸ்டூல்களில் இருத்தினார்கள். தாடி வைத்த இளம் பரிசாரகர் ஒருவர் ஆளுக்கொரு தக்காளி கொண்டுவந்தார். கோலிக்குண்டு அளவு, தோல் உரித்தது; கடித்தால் உள்ளே ஒலிவ் எண்ணெய் ஐஸ்போல உறைந்திருந்தது. அம்மா கண்ணை மூடி முருகனை நினைத்துவிட்டு வாயில் வைத்தார். தலையை ஆட்டினார். பரிசாரகர் மகிழ்ந்துபோய், உங்கள் மேசை முற்றத்தில் தயார், வாருங்கள் என்றார்.

சித்தி எழும்பினார். நான் எழும்பினேன். அம்மா எழும்பவில்லை.

"நான் சாப்பிட இருந்திட்டன்," என்றார்.

சித்திக்கு உடனே விளங்கிவிட்டது. அவரும் அதே வீட்டில் பிறந்தவர்தானே. அதே கடை, அதே சாப்பாடு, கதிரைதான் வேறை என்று குரலைத் தாழ்த்தி வாதாடினார். ஆக்கள் பார்க்கினம் என்றார். ஒரு கதவு தாண்டிப் போவதற்கு முருகன் விசா கேட்பாரோ என்றார்.

"நீதானே சொன்னனீ, ஒரே இருப்பு எண்டு."

இந்த அம்மாவுக்கு நடக்கச் சிரமமா என்று பரிசாரகர் பரிவோடு கேட்டார். கிடைத்த கயிற்றைச் சித்தி பிடித்துக்கொண்டார்: ஓம், முழங்கால் வருத்தம். அம்மா அவரைத் தாண்டிப் பரிசாரகரைப் பார்த்து, ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"மை லெக் இஸ் வெரி குட்."

பசித்தால் வருவா என்று சொல்லி, சித்தி என்னை இழுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார். ஆரஞ்சு காய்க்கும் தோடை மரத்தின் கீழ் வெள்ளைத் துணி விரித்த மேசை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அம்மாவின் முதுகு தெரிந்தது. சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை, ஸ்டூலில் கால் எட்டாமல் தொங்கியது, ஒரு செருப்பு கீழே விழுந்து கிடந்தது. அவருக்கு முன்னால் ஒன்றும் இல்லை. எங்களுக்கு இரண்டாவது தட்டு வந்தது. சித்தி கரண்டியால் அதைக் கிண்டிக்கொண்டிருந்தார், சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. எனக்காக அங்கே ஒருவர் ஒற்றைத் தக்காளியோடு இருக்கிறார் என்ற நினைப்பில் கரண்டி எழும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் கடையின் மேலாளர் அம்மையார் வந்தார். அடுத்த விருந்தாளிகள் வரப்போகிறார்கள், அந்த ஸ்டூல்கள் தேவை என்றார். சித்தி விறுவிறென்று உள்ளே போனார். நான் பின்னால் ஓடினேன்.

அம்மா சண்டை பிடிக்கவில்லை. ரயில் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்: "எழும்பச் சொன்னா எழும்பிறன். பிறகு நாளைக்கு மத்தியானம்தான் சாப்பாடு. அவையளைக் கேள்."

"ஆருக்காக அக்கா இந்தப் பிடிவாதம்?" சித்தியின் குரல் ஒருபோதும் இல்லாத மாதிரி உடைந்தது. "ஆர் கேட்டது உங்களை?"

"ஒருத்தரும் கேக்கேல்லை. கேக்கத் தெரியாத ஆளுக்காகத்தான் பிடிக்கிறன்."

அம்மா அப்போது பார்த்தது சித்தியை. என்னை அல்ல. ஆனாலும் நான் வெட்கப்பட்டேன். கோயிலுக்குப் போனால் பள்ளிக்கூடத்தைக் கேட்க மறந்து, வடையை நினைத்துக்கொண்டு நிற்கிறவள் நான்தான்.

சித்தி கைப்பையைப் பலகையில் வைத்தார். பிறகு அம்மாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஏறி இருந்தார். மறுபக்கத்தைத் தட்டி என்னையும் ஏறச் சொன்னார். மேலாளரிடம் தன்னுடைய அலுவலகக் குரலில் பேசினார்: நாங்கள் மூன்று பேரும் இங்கேதான் சாப்பிடப்போகிறோம், முற்றத்து மேசை இப்போது காலி, வருகிறவர்களை அங்கே இருத்துங்கள், நாங்கள் பதிந்தது சாப்பாட்டுக்கு, நடைக்கு அல்ல. அந்த அம்மையார் எங்கள் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பரிசாரகருக்குக் கண்ணைக் காட்டினார்.

பிறகு எல்லாம் அந்தப் பலகைக்கே வந்தன. தணலில் சுட்ட கத்தரிக்காயை வாயில் வைத்த அம்மா, சம்பல் நல்லாயிருக்கு, பச்சைமிளகாயைத்தான் மறந்திட்டினம் என்றார். வாதுமைப் பருப்புச் சூப் குளிராக வந்ததை மட்டும் மன்னிக்கவில்லை. ஆர்டிசோக் என்ற ஒரு பூமொட்டை இதழ் இதழாக உரித்துச் சாப்பிடவேண்டும் என்றதும் கரண்டியை ஒதுக்கிவைத்துக் கையால் தொடங்கியவர், அதன்பின் ஒன்றுக்கும் கரண்டியைத் தொடவில்லை. சித்தியும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வைன் என்று அவர் சொல்லிவைத்திருந்தார். முதல் கிளாஸையே தள்ளி வைத்துவிட்டார். புளித்துப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

கடைசியில் அத்திப்பழமும் தேனும் வந்தன. அம்மா இறங்கியபோது அந்த வெரி குட் கால் விறைத்துப்போய்ச் சித்தியின் தோளில் சாய்ந்தார். சித்தி அவரைப் பிடித்துக்கொண்டார். கால் சரிவந்தபிறகும் விடவில்லை.

அம்மா சஷ்டி விரதத்தை இன்றுவரை விடவில்லை. கேட்டது இனிக் கிடைக்காது என்று தெரிந்தபிறகும் பிடிக்கிறார். அந்தக் கடைக்காரரை நடத்தியதுபோலத்தான் முருகனையும் நடத்துகிறார். இருந்தால் இருந்ததுதான்.

கந்தசஷ்டியில் முருகனிடம் பிள்ளை வரம் கேட்பார்கள் என்பதை நான் அறிய இன்னும் பல வருஷங்கள் இருந்தன. அதற்கு முன் மார்ச் வந்துவிட்டது. விரும்பிய பள்ளிக்கூடமே எனக்குக் கிடைத்தது. சந்தோஷம் தாங்காமல் முதல் ஆளாகச் சித்திக்குத்தான் போன் எடுத்தேன்.

"சித்தி, அம்மா பிடிச்ச விரதம் பலிச்சிட்டுது."

அந்தப் பக்கத்தில் பூனை ஒன்று கத்தியது. பிறகு சித்தி, "ஓம் குஞ்சு, பலிச்சிட்டுது," என்றார்.

குரல் ஒரு மாதிரி இருந்தது. சிக்னல் சரியில்லையாக்கும் என்று நினைத்து, நான் யன்னலடிக்குப் போய், அதையே இன்னும் சத்தமாகத் திரும்பச் சொன்னேன்.