எரிமலைத் தீவுகளும் என் பாஸ்போர்ட்டும்

லண்டன் நோர்பரியில் ஒரு கடையின் பின்மூலையில் இருக்கும் தபால் கவுண்டரில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மனிதர்களின் பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொள்வது என் தொழில். புதுப்பிக்கும் படிவத்தைச் சரிபார்த்து, படத்தில் சிரிப்பு இல்லை என்று உறுதிசெய்து, பழைய பாஸ்போர்ட்டையும் சேர்த்து உறையில் வைத்து ஒட்டுவேன். பலருக்கு அதைக் கையை விட்டு விட மனம் வராது, முக்கியமாக இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு. கண்ணாடிக்குக் கீழே உள்ள இடைவெளியில் அவர்கள் ஒரு நுனியையும் நான் மறு நுனியையும் பிடித்தபடி சில விநாடிகள் கழியும். திரும்பி வருமோ என்று கேட்பார்கள். வரும், ஒன்றுக்கும் பயப்படாதேங்கோ என்பேன். அதைச் சொல்வதற்கென்றே ஒரு குரல் வைத்திருக்கிறேன். கேட்டால் கல்லும் கையெழுத்துப் போடும்.

என் சொந்தப் பாஸ்போர்ட் விஷயத்தில் மட்டும் அந்தக் குரல் எடுபடுவதில்லை. வீட்டில் அது இருக்கும் இடம் மனைவிக்குத் தெரியாது என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன். தெரியாதது போல அவளும் நடந்துகொள்கிறாள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் சாப்பிட வந்தாள். கூடவே அவனும் வந்தான். மூன்று வருடமாக அவளோடு கூடித் திரிகிற வெள்ளைக்காரப் பெடியன். பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறான். கடற்கரை ஊரொன்றில் தகப்பனின் படகில் வளர்ந்தவன், பாய்ப்படகு ஓட்டுவதற்கு லைசென்ஸும் வைத்திருந்தான். அவனைப் பற்றி நான் அதுவரை ஓம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. கேட்டால் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்வேன். மூன்று வருடத்தில் எனக்கு ஒரு சுற்று வயிறு பெருத்ததுதான் மிச்சம்.

அன்று அவர்கள் ஒரு திட்டத்தோடு வந்திருந்தார்கள். சிசிலிக்கு வடக்கே ஏழு எரிமலைத் தீவுகள் இருக்கின்றனவாம். ஒரு பாய்ப்படகை வாடகைக்கு எடுத்து, நாங்கள் நான்கு பேரும் ஒரு வாரம் தீவு தீவாகச் சுற்றலாமாம். ஏறக்கூடிய மலைகளில் ஏறலாமாம். மகள் சொல்லி முடிப்பதற்குள் மனைவி சரி என்றுவிட்டாள். சிசிலி என்ற சொல் விழுந்ததும் என் கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றுவிட்டது. கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு பருப்பைப் பார்த்தாள். மூன்று பேருக்கு முன் என் பேச்சு எடுபடவில்லை.

எட்மண்டனில் இருக்கும் மைத்துனர் செய்தி கேட்டு எனக்குப் போன் எடுத்தார். "ஏன் அத்தான், பிளேன் ஓடயில்லையோ?" என்றார். அவரும் ஒரு காலத்தில் கடலால் வந்தவர்தான். எங்களில் கடலால் வந்த யாரும் விடுமுறைக்குக் கடலைத் தேடிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மிலாற்சோ என்ற துறைமுகத்தில்தான் படகு எங்களுக்காகக் காத்திருந்தது. அங்கே என் வாழ்க்கையில் எதிர்பாராத ஒன்று நடந்தது. பெடியன் என் முன்னால் வந்து பணிவாக நின்றான். தொண்டையைச் செருமினான். பெண் கேட்கப் போகிறான் என்று நான் முகத்தைத் தயார் செய்தேன். அவன் பாஸ்போர்ட் கேட்டான்.

படகில் போகிறவர்களின் பெயர்ப்பட்டியல் எழுத அது அலுவலகத்துக்கு வேண்டுமாம். மற்ற இருவரும் பஸ் டிக்கெட் கொடுப்பது போல எடுத்து நீட்டினார்கள். நான் நீட்டவில்லை. நானே கொண்டுவருகிறேன் என்று அவன் பின்னால் போனேன். அங்கிருந்த பெண் அதைப் பிரதி எடுக்கும்வரை அந்த மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றேன். கிழவர்களின் வழக்கமான அடம், கிரந்தம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பாஸ்போர்ட்டை இரட்டைப் பொலித்தீன் பையில் போட்டு பனியனுக்குள் கட்டினேன். அதற்கு மேல் உயிர்காப்பு அங்கி. அதைக் கழற்றாமலே சாப்பிட்டேன்.

கடலில் இறங்கியதும் எல்லாம் தலைகீழானது. தலைசுற்றி வாந்தி எடுக்கிற வருத்தம் வந்தது மனைவிக்கும் மகளுக்கும்தான். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. படகின் நடுவில் உட்கார்ந்து, அடிவானத்தில் கண்ணை வைத்து, தண்ணீரைத் தொண்டை நனைய மட்டும் குடித்தேன். பெடியன் அதைப் பார்த்துப் பூரித்துப்போனான். இந்த அங்கிள் பிறவி மாலுமி, எங்கே பழகினீர்கள் என்று கேட்டான். ஊரில் என்றேன். எங்கள் ஊரில் கடலே இல்லை.

சிக்கல் லிப்பாரித் தீவில் வந்தது. அங்கே படகைக் கட்டுகிற இடத்தில் ஒரு மனிதர் கயிற்றை வாங்கினார், பிறகு பாஸ்போர்ட்டுகளைக் கேட்டார். தன் அலுவலகத்தில் வைத்திருந்து மறுநாள் புறப்படும்போது தருவாராம். பெடியன் மூன்றைச் சேர்த்துக்கொண்டு என் முன்னால் கையை நீட்டினான்.

ஏலாது என்றேன்.

அவன் விளங்கப்படுத்தினான். இங்கே அதுதான் வழக்கம், ஒருவரும் திருடமாட்டார்கள், தானே போய்க் கொடுத்துத் தானே வாங்கிவருவேன் என்றான். கவுண்டரில் நான் சொல்வதைவிட நன்றாகவே சொன்னான். நான் பனியனைப் பொத்திக்கொண்டு நின்றேன். பாஸ்போர்ட் இல்லையென்றால் இடமில்லை என்றார் அந்த மனிதர். பெடியன் ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் கயிற்றை அவிழ்த்தான். படகை வெளியே கொண்டுபோய்த் திறந்த கடலில் நங்கூரம் போட்டான். கரையில் குளிப்பு, நல்ல சாப்பாடு, ஆடாத தரை என்று மனைவி எதிர்பார்த்திருந்ததெல்லாம் விளக்குகளாகத் தூரத்தில் தெரிந்தன. படகு தொட்டில் மாதிரி ஆடியது.

மகள் வந்து எனக்கு எதிரே இருந்தாள். பெரும்பாலும் இங்கிலீஷில் பேசுகிறவள், கோபம் வந்தால் தமிழுக்கு வருவாள்.

"அவர் வெள்ளை எண்டபடியால்தானே அப்பா? ஒரு பாஸ்போட்டைக்கூட அவரை நம்பிக் குடுக்க ஏலாது உங்களுக்கு."

நான் இல்லை என்றேன். வேறு என்ன காரணம் என்று கேட்டாள். வாயில் வந்தது ஒன்று, வெளியே விட்டது இன்னொன்று. அது என்னுடைய பாஸ்போர்ட், என்னுடைய விருப்பம் என்றேன்.

"நாங்கள் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்ததே உங்கட சம்மதம் கேக்கத்தான். நாளைக்கு அந்த மலையில வைச்சுக் கேக்கிறதெண்டு அவர் மூண்டு மாசமாப் பாடமாக்கினவர். இனிக் கேக்கமாட்டம் அப்பா. கலியாணம் நடக்கும். உங்களைக் கேக்கமாட்டம்."

அவள் போய்விட்டாள். பனியனுக்குள் கட்டியிருந்த அந்தச் சின்னப் புத்தகத்துக்காக என் பிள்ளையைக் கைநழுவவிடுகிறேன் என்பது விளங்கியது. விளங்கியும் கை அதைத்தான் பொத்திக்கொண்டிருந்தது. மனைவி வாயைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

"சொல்லுங்கோவன் பிள்ளைக்கு. நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்."

அடுத்த நாள் வல்கானோ தீவில் இறங்கினோம். கரையோரமாகவே அழுகிய முட்டை நாற்றம். உலகத்தில் உள்ளவர்கள் அதை மணக்கவென்று லீவு போட்டு வருகிறார்கள். கறுப்புச் சாம்பல் பாதையில் யாரும் யாரோடும் பேசாமல் ஏறினோம். மேலே, மஞ்சள் கறை பிடித்த பாறைகளிலிருந்து புகை வந்த இடத்தில் பெடியன் திரும்பி நின்றான். ஒருவர் பின் ஒருவராக வாருங்கள், நான் கால் வைத்த இடத்தில் கால் வையுங்கள், பள்ளத்தில் யாரும் உட்காராதீர்கள், அதிகம் பேசாதீர்கள் என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சாம்பலில் குந்தியிருந்து சிரித்தேன். மனைவிக்கு மட்டும் விளங்கியது, அவளும் சிரித்தாள், பிறகு அவள் கண் கலங்கியது. மகள் எங்கள் இருவருக்கும் வாயு தலைக்கேறிவிட்டது என்று பயந்துபோனாள்.

அதே உத்தரவுகளை அதே ஒழுங்கில் எனக்கு முன்பும் ஒருவன் தந்திருக்கிறான். அவன் எங்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன். அவனுக்குப் புவியியல் தெரியாது. ஆனால் ஆட்களை வரிசையில் நடத்தத் தெரியும்.

அந்த எரிமலை வாயின் விளிம்பில் உட்கார்ந்துதான் சொன்னேன். லண்டனுக்கு நான் விமானத்தில் வரவில்லை. இதே சிசிலியின் தென்கரைக்கு ஒரு மீன்பிடிப் படகில் வந்தேன். இருபத்துமூன்று பேர். ஏறுவதற்கு முன் ஏஜென்சிக்காரன் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் ஒரு சொப்பிங் பையில் சேர்த்தான். அக்கரையில் தருவேன், ஒன்றுக்கும் பயப்படாதே என்றான். நல்ல குரல் அவனுக்கு. அக்கரைக்கு நாங்கள் வந்தோம். பையும் வரவில்லை, அவனும் வரவில்லை. அதன் பிறகு லண்டனில் பல வருடம் குடிவரவு அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த கடிதங்களிலெல்லாம் என் பெயருக்கு முன்னால், தன்னை இன்னார் என்று கூறிக்கொள்பவர் என்று இருக்கும். என் பெயர் எனக்கே ஒரு சந்தேகமாக இருந்த காலம் அது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது என்று சொன்னேன்.

சின்ன வகுப்பில், குடும்பம் இந்த நாட்டுக்கு எப்படி வந்தது என்று படம் கீறச் சொன்னபோது மகள் ஒரு விமானம் கீறினாள். எட்டு ஜன்னல். ஒன்றில் நான் கையாட்டிக்கொண்டிருப்பேன். அந்தப் படம் ஃபிரிட்ஜ் கதவில் நிறம் மங்கும்வரை இருந்தது. தபால் கவுண்டரில் ஒரு எழுத்துப் பிழையைக்கூட விடாதவன், அதைத் திருத்தாமல் விட்டேன்.

மகள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் என்னைப் பிளேன் கீற விட்டனீங்கள்?"

"நீ வடிவாக் கீறியிருந்தாய்."

அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பெடியன் அருமையாக ஏதாவது சொல்வான் என்று பயந்தேன். நல்லவேளை, அவன் ஆசிரியராகவே இருந்தான். படகு எத்தனை அடி நீளம், என்ன எஞ்சின் என்று கேட்டான். முப்பது அடி இருக்கும் என்றேன். அவன் மனதுக்குள் கணக்குப் பார்ப்பது தெரிந்தது. மூன்று மாதம் பாடமாக்கியதை இறங்கும்வரை அவன் ஒப்புவிக்கவில்லை. இனிக் கேட்கமாட்டோம் என்று மகள் சொன்னது அப்படியே நின்றது.

அடுத்த துறை சலீனா. படகைக் கட்டியதும் பெடியன் மூன்று பாஸ்போர்ட்டுகளையும் என் கையில் தந்தான். அலுவலகத்துக்கு நீங்களே போய்விட்டு வாருங்கள் அங்கிள் என்றான். போனேன். ஒரு இளம்பெண் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தாள். மூன்றை வைத்தேன். நான்காவதைப் பனியனுக்குள்ளிருந்து அவிழ்த்து எடுத்தேன். அவள் ஒரு நுனியைப் பிடித்தாள், நான் மறு நுனியைப் பிடித்திருந்தேன். நாளைக்கு வந்துவிடும், பயப்படாதீர்கள் என்றாள் இங்கிலீஷில். அச்சு அசல் என்னுடைய குரல். விட்டேன்.

மறுநாள் அவள் கதவு திறக்கும்போது நான் ஏற்கனவே அங்கே நின்றேன். நான்கும் திரும்பி வந்தன. தொழில் புத்தி விடாது, ஒவ்வொன்றாகப் புரட்டிச் சரிபார்த்தேன். பின்னால் ஒரு பக்கம் இருக்கிறது. ஆபத்தென்றால் அறிவிக்க வேண்டிய இரண்டு பேரை அங்கே எழுத வேண்டும். முகவரி மாறும், பென்சிலால் எழுதுங்கள் என்று கவுண்டரில் எல்லோருக்கும் சொல்வேன், மகளுக்கும் சொல்லியிருந்தேன். அவள் மையால் எழுதியிருந்தாள். முதலில் என் பெயர். அடுத்தது அவன். அந்தப் பாஸ்போர்ட் கிடைத்த மாதமே எழுதியிருக்க வேண்டும், மை பழசாகியிருந்தது.

என்னுடையதில் மனைவியின் பெயர் இருந்தது. இரண்டாவது இடம் எப்போதும் வெறுமைதான். அந்தப் பெண்ணிடம் பென்சில் வாங்கினேன். அவன் பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்து, எழுத்தெழுத்தாகப் பார்த்து அவன் பெயரை எழுதினேன். மூன்று வருடமாக நான் சோறு போட்டவனுக்கு நடுவில் இன்னும் இரண்டு பெயர்கள் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

படகுக்குத் திரும்பி நான்கையும் அவனிடமே கொடுத்தேன். லண்டன்வரை உன்னிடமே இருக்கட்டும் என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. வாங்கித் தன் நீர் புகாத பையில் வைத்தான். ஸ்ட்ரோம்போலிக்குப் போய் அந்த மலை கால் மணிக்கொரு தரம் புகை கக்குவதைப் படகிலிருந்து பார்த்தோம். அவன் அதைப் பற்றி ஒரு முழுப்பாடம் நடத்தினான். நான் இடையில் மூன்று முறை பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டேன். மூன்று முறையும் பாடத்தை நிறுத்தி, பையைத் திறந்து எடுத்துக் காட்டினான்.

கட்விக் விமான நிலையத்தில் மகள்தான் என்னுடையதைத் திருப்பித் தந்தாள். நோர்பரிக்குப் போகும் ரயிலில் மனைவி தூங்கிவிட்டாள். பழக்கதோஷத்தில் பின்பக்கத்தைப் புரட்டினேன். நான் பென்சிலால் எழுதிய பெயருக்கு மேலே, ஒரு எழுத்தும் விலகாமல், யாரோ மையால் எழுதியிருந்தார்கள். விமானம் கீறிய அதே கை. இனிக் கேட்கமாட்டோம் என்று சொன்னவள் சொன்னபடியே செய்திருந்தாள்.