வெள்ளிக்கிழமைக்குப் பிறகு யாரும் கேட்கவில்லை

இர்மெலா சவுட்டர் என்ன வேலை செய்தாள் என்று அவளை அடக்கம் செய்த அன்றுகூடப் பாதிரியாருக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. "கம்ப்யூட்டரில் பெரிய பொறுப்பு" என்று சொல்லி அடுத்த ஜெபத்துக்குப் போய்விட்டார். அவளைக் கேட்டிருந்தால் சுருக்கமாகச் சொல்லியிருப்பாள். கிறிஸ்துமஸ் விருந்துகளில் யாராவது தோண்டித் தோண்டிக் கேட்டால் அப்படித்தான் சொல்வாள்: "ஆர்டர் போட்ட பம்பு எப்போ வரும்னு போன் பண்ணிக் கேப்பீங்கல்ல? அந்த பதில் நாந்தான்."

தெற்கு ஜெர்மனியில் புருக்சால் நகருக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பம்புத் தொழிற்சாலையை ஒரே ஒரு பெரிய மென்பொருள் நடத்திவந்தது. ஆர்டர், கிடங்கு, கணக்கு, சம்பளம் எல்லாம் அதற்குள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. சம்பளத்தில் ஒரு வரி விதியை மாற்றினால் கிடங்கில் லேபிள் அச்சாகாது. புதிய பதிப்பு ஏற்றும் வருடங்களில் கணினிப் பிரிவில் ஈஸ்டர் விடுமுறை என்று ஒன்று கிடையாது.

இதைப் பிரித்துவிட வேண்டும் என்று முதலில் சொன்னவள் இர்மெலாதான். ஒவ்வொரு வேலையும் தனித்தனிச் சேவையாக நிற்கட்டும், ஒன்றுக்கு ஒன்று தேவைப்படும்போது கேட்டுக்கொள்ளட்டும் என்றாள். ஒன்றைக் கழற்றி வேறொன்றை மாட்டினாலும் மற்றவை நிற்காது. இனி இந்த மாதிரி மென்பொருள்களுக்கு வேறு வழியில்லை என்று அவள் உறுதியாக நம்பினாள். மேலிடத்தில் யாருக்கும் காது இல்லை. கேட்டவன் கெர்னோட் ஒருவன்தான்.

கெர்னோட் அவளுக்குப் பிறகு சேர்ந்தவன். எதிர் மேசையில் உட்கார்ந்து அவளிடம் தொழில் கற்று, பிறகு பிரிவுக்கே தலைவனானான். பக்கத்துப் பக்கத்து ஊர் என்பதால் ஒரு வாரம் அவன் காரிலும் ஒரு வாரம் இவள் காரிலுமாக இருவரும் சேர்ந்தே வேலைக்குப் போனார்கள். சேவைகளைப் பற்றி அவள் அவனுக்கு விளக்கியதெல்லாம் அந்தக் காரில்தான்.

"ஹோட்டல்ல சாப்பாடு சொல்ற. சமையக்கட்டுல யாரு நிக்கறான்னு உனக்குத் தெரியணுமா? தட்டு வந்தா போதும். அவ்ளோதான் கெர்னோட் இது."

"சமைக்கிறவனுக்கு இது தெரியுமா?" என்று சிரித்தான் அவன்.

அவனே மேலிடத்தில் பேசி அனுமதி வாங்கிவந்தான். "பிரிச்சு முடிச்சதும் இதையெல்லாம் கட்டி மேய்க்க ஒரு குழு வேணும். அது உன் கையிலதான். வேற எங்கயும் போயிடாத." அந்த வாக்கை நம்பி, ஹைடல்பெர்க்கிலிருந்து தேடிவந்த வேலையை வேண்டாம் என்று எழுதிப் போட்டாள். ஒவ்வொரு சேவையாகப் பிரித்துக்கொண்டே, அது என்ன கேட்கும், என்ன சொல்லும் என்பதையும் எழுதிவைத்தாள். "புதுசா வர்றவனுக்கும் புரியற மாதிரி எழுது" என்று கெர்னோட் கேட்டிருந்தான். அப்படியே எழுதினாள்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சரக்கு அனுப்பும் பிரிவிலிருந்து எல்ஸ்பெத் போன் செய்தாள்.

"ஏம்மா இர்மெலா, உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"திருவுடல் திருநாளன்னிக்கு ஒம்பது பம்ப அனுப்பச் சொல்லுது உன் புரோகிராம். வியாழக்கிழமை கேட்டே பூட்டியிருக்கும். ஊர்வலத்துல போற சாமியார நிறுத்தி, வந்து லாரியில ஏத்துங்கன்னு சொல்லவா?"

இர்மெலா சிரித்தாள். பிறகு திரையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வியாழக்கிழமை விடுமுறை என்பதை அவள் தன் நிரலில் சேர்த்திருந்தாள். எழுதிவைத்த விளக்கத்தில்தான் சேர்க்கவில்லை. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதையும் எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. இப்படிச் சேவைகளை எழுதி வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்று வடக்கே ஹாம்பர்க்கில் இருந்தது; அங்கே அன்று விடுமுறை கிடையாது.

தன் நிரலின் பதிவுகளைத் திறந்தாள். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குப் பிறகு அதை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. பம்பு எப்போது வரும் என்ற கேள்விகள் எல்லாம் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தன. எந்தக் கேள்வி எங்கே போக வேண்டும் என்பதை மாற்ற இரண்டு பேரால் மட்டுமே முடியும். ஒன்று அவள்.

கெர்னோட் அறையில் தனியாக இருந்தான்.

"ஹாம்பர்க்காரங்களா?" என்றாள்.

அவன் மறுக்கவில்லை. "நீ எழுதின விளக்கத்தக் குடுத்து அவங்க சேவைய வாடகைக்கு எடுத்திருக்கோம். முதல்ல இது ஒண்ணு. மத்ததெல்லாம் இலையுதிர் காலத்துக்குள்ள."

"எங்க வேலை போகப்போறது தொழிலாளர் குழுவுக்குத் தெரியுமா?"

"நாளைக்குச் சொல்றாங்க."

"வியாழக்கிழமைய வேலை நாள்னு நினைச்சிருக்காங்க கெர்னோட். அவங்களுக்கு நம்ம ஊரே தெரியல." சொல்லும்போதே, அவர்கள் தோற்றுப்போகட்டும் என்று தன் குரலில் இருந்த ஆசை அவளுக்கே கேட்டது.

அவன் போனை எடுத்து, வடக்கத்தி உச்சரிப்பில் பேசிய யாரிடமோ விஷயத்தைச் சொன்னான். அவள் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே சரியாகிவிட்டது. எல்ஸ்பெத்தின் ஒன்பது பம்புகளும் வெள்ளிக்கிழமைக்கு நகர்ந்தன. கிடங்கு நிற்கவில்லை, கணக்கு நிற்கவில்லை. எப்படி வரவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாளோ, அப்படியே வந்திருந்தது.

அது அவள் கார் வாரம். மாலையில் வழக்கம்போல வாசலில் வந்து நின்றான். அவள் கதவைத் திறந்துவிட்டாள். கார் அஸ்பாரகஸ் காய்கறி வயல்களின் ஓரமாகப் பாதி தூரம் போயிருந்தது.

"ஜனவரியிலயே முடிவாயிடுச்சு" என்றான். "அப்பவே சொல்லியிருந்தா நீ பாதியில விட்டுட்டுப் போயிருப்ப."

"போயிருப்பேன்."

"அதான் சொல்லல."

"உன் வேலை?"

"ஹாம்பர்க்கோட பேசறதுக்கு இங்க ஒருத்தர் வேணும்." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டு வாசலில் அவன் மனைவி உர்ஸெல் நின்றிருந்தாள். இர்மெலாவின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"சொல்லிட்டானா? அப்பாடா. உன் பொறந்தநாளுக்கு வந்தோமே, அன்னிக்கே சொல்லித் தொலைடான்னேன். நீ சுட்ட கேக்க முழுங்க முடியாம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அந்தப் பிறந்தநாள் பிப்ரவரியில் வந்தது. உர்ஸெல் அன்று இரண்டு துண்டு கேக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும், மிச்சத்தைக் கெர்னோட் டப்பாவில் போட்டு எடுத்துப்போனதும் இர்மெலாவுக்கு நினைவிருந்தது. கொஞ்சம் அஸ்பாரகஸ் எடுத்துப் போ என்று உர்ஸெல் கூடையை நீட்டினாள். வீட்டில் இருக்கிறது என்று சொல்லி இர்மெலா காரைத் திருப்பினாள். வீட்டில் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை கெர்னோட்டின் முறை. வழக்கமான நேரத்துக்கு அவன் கார் வந்து அவள் வீட்டு வேலியோரம் நின்றது. இத்தனை வருடத்தில் அவன் ஒருநாளும் ஹாரன் அடித்ததில்லை. அன்று ஒருமுறை அடித்தான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை.

சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் இர்மெலா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தன் காரையும் அவள் எடுப்பதாக இல்லை; அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்ட பிறகுதான் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.