இடப்பக்கத்து ஸ்பீக்கர்

சென்ற வருடம் மாரி மழை தொடங்கிய கிழமை நடந்தது இது. துணுக்காய்ப் பக்கம் காற்றில் முறிந்த மரக்கொப்பு ஒன்று மின்கம்பியில் விழுந்து, நியூட்ரல் கம்பி அறுந்து, ஒரு ஒழுங்கையில் இருந்த வீடுகள் முழுவதற்கும் கரண்ட் அளவுக்கு மீறிப் பாய்ந்துவிட்டது. பல்புகள் வெடித்தன, பிரிட்ஜுகள் படுத்துவிட்டன, ரீவிகள் புகைந்தன. ஊருக்கு இது கெட்ட காலம் என்றால் என்னைப் போல் திருத்த வேலை செய்பவனுக்கு நல்ல காலம். முள்ளியவளையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. ரீவி, ரேடியோ, அம்ப்ளிபயர், ஸ்பீக்கர் எல்லாம் திருத்துவேன்.

ஒரு நாள் காலை கடை வாசலில் வான் ஒன்று வந்து நின்றது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கி, பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். இரண்டும் போர்வையால் சுற்றியிருந்தன. டென்மார்க்கில் பல வருடம் மீன் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு, மனைவியோடு திரும்பி வந்து துணுக்காயில் வீடு கட்டியிருக்கிறாராம். வாழ்க்கையில் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது இந்த ஸ்பீக்கர்கள் மட்டும்தான் என்றார்.

வெளிநாட்டில் இருந்து வந்து வீடு கட்டுபவர்களைக் கண்டால் எனக்கு உள்ளுக்குள் ஒரு கடுப்பு. அதை மறைத்துப் பயனில்லை. யுத்த காலத்தில் நாங்கள் ஷெல்லுக்குப் பயந்து பங்கர்க் குழிக்குள் கிடந்தபோது இவர்கள் கதிரையில் சாய்ந்திருந்து பாட்டுக் கேட்டிருப்பார்கள் என்று மனம் ஒரு பக்கம் முணுமுணுக்கும். ஆனாலும் அவர் சொன்ன ஒரு வார்த்தையில் குளிர்ந்துவிட்டேன்.

"கிளிநொச்சியிலையும் ரெண்டு கடையிலை விசாரிச்சனான் தம்பி. சத்தம் சம்பந்தமான சாமான் எண்டால் முள்ளியவளைக்குக் கொண்டு போங்கோ, அவருக்கு நல்ல காது எண்டு சொல்லிச்சினம்."

இதைக் கேட்டால் எவனுக்குத்தான் தலை வீங்காது?

இந்த வகை ஸ்பீக்கரில் அம்ப்ளிபயரே பெட்டிக்குள் இருக்கும். சுவரில் இருந்து கரண்ட் நேரே அதற்குள் ஏறுவதால் அடி முழுவதும் அதற்குத்தான். திறந்து பார்த்தேன். இரண்டிலும் கரண்டை வாங்கும் போர்ட் கருகிப்போயிருந்தது. கெப்பாசிட்டர்கள் வயிறு வீங்கிக் கிடந்தன. கொழும்பில் இருந்து பாகங்களை எடுப்பித்து, அவசரப்படாமல், ஒவ்வொரு ஈயப் பற்றாசையும் பார்த்துப் பார்த்து வைத்தேன். பெட்டியின் முகத்தில் கீழே பெரிய ஸ்பீக்கர் ஒன்றும், அதற்கு மேலே தீப்பெட்டி அகலத்தில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றும் இருக்கும். தாளம், சலங்கை, வயலினின் மேல் சுரம் எல்லாம் அந்தச் சின்னதில்தான் வரும். அதையும் மீற்றரால் அளந்தேன். இரண்டு பெட்டியிலும் அளவு சரி. கடைசியாகப் பாட்டைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மீற்றர் சொல்லாததைக் காது சொல்லும் என்பது நான் கடைக்கு வருபவர்களிடம் வழக்கமாக அடிக்கும் கதை. அன்றும் என் காது, எல்லாம் சரி என்றது.

அவர் சந்தோஷமாக வந்து ஏற்றிக்கொண்டு போனார். சில நாள் கழித்து போன் வந்தது.

"தம்பி, குறை நினையாதேங்கோ. வலப்பக்கத்துப் பெட்டி திறமா இருக்கு. இடப்பக்கத்துப் பெட்டிதான் போர்வையாலை மூடினமாதிரிக் கிடக்கு. ஒருக்கா வந்து பாக்கேலுமே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குறை கண்டுபிடிக்கவென்றே சிலர் பொருள் வாங்குவார்கள், இவரும் அந்தச் சாதி என்று நினைத்தேன். அவ்வளவு தூரம் மோட்டார் சைக்கிளில் போகும் வழி முழுக்க, அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்களை எனக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

வீட்டு ஹோலில் இரண்டு ஸ்பீக்கர்களும் இரண்டு பக்கம் நின்றன. அவர் ஒரு பாட்டைப் போட்டார். எனக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்டன. சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். அறையைக் குற்றம் சொன்னேன், தரையில் விரித்த பாயைக் குற்றம் சொன்னேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. கடைசியில் நானே சொன்னேன்.

"ஐயா, வயது போகப் போகக் காது கொஞ்சம் மந்தம் ஆகும். அதுக்குச் சாமானைக் குறை சொல்லி என்ன செய்யிறது?"

இன்றைக்கும் அந்த வசனம் நினைவுக்கு வந்தால், தனியாக இருக்கும்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

அவர் கோபப்படவில்லை. போனில் ஏதோ தேடி எடுத்தார். ஸ்பீக்கரைச் சோதிப்பதற்கென்றே உள்ள ஒரு சத்தமாம் அது. பாட்டு இல்லை, வெறும் ஒரே சத்தம். அடியில் முழக்கமாகத் தொடங்கி மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டு போகும். முதலில் இடப்பக்கத்துப் பெட்டியில் மட்டும் போட்டார். சத்தம் ஏறி ஏறிப் போய், மெலிந்து, நின்றது.

"பாத்தியளே தம்பி, இந்த இடத்திலை செத்துப் போகுது."

"எங்க, மற்றதிலை போடுங்கோ பாப்பம்."

வலப்பக்கத்தில் போட்டார். நான் குனிந்து அந்தச் சின்ன ஸ்பீக்கரோடு காதை ஒட்டி வைத்தேன். சத்தம் ஏறி வந்தது, ஏறிப் போனது, முன்பு நின்ற அதே இடத்தில் நின்றது. எனக்கு வாயெல்லாம் பல். நிமிர்ந்து சொன்னேன்.

"இதுவும் அதே இடத்திலைதான் நிண்டது. ரெண்டும் ஒண்டுதான் ஐயா. பிழை சாமானிலை இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு விளங்கவில்லை. அப்போதுதான் அவருடைய மனைவி கையால் காதைப் பொத்திக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தா.

"என்னப்பா, காது கூசுது. அதைக் குறையுங்கோவன்."

ஹோலில் எனக்கு ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. அந்த அம்மா காதைப் பொத்தியபடி நிற்கிறா. நான் மறுபடியும் குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. மற்றக் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. விரலை வைத்தால் மட்டும், ஈ ஒன்று உள்ளே அகப்பட்டது போல ஒரு அதிர்வு தெரிந்தது. அவர் அவசரமாக நிறுத்தினார். நான் பிழை செய்ததை விட, என் காதில்தான் பிழை என்று நான் கண்டுபிடித்ததைக் கண்டுதான் அவர் பதறிப்போனார்.

இடப்பக்கத்துப் பெட்டியின் வயரை அவரே கழற்றினார். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அந்தக் கடைசிச் சண்டை நேரம் நீங்கள் இஞ்ச உள்ளுக்கையே இருந்தனீங்கள்?"

"ஓம்."

"கிட்ட ஷெல் ஏதும் விழுந்ததே?"

"கிட்ட விழாத ஆக்கள் ஆர்?"

அந்த அம்மா தேத்தண்ணி கொண்டு வந்தா. குடிக்காமல் வெளிக்கிட்டேன். இடப்பக்கத்து ஸ்பீக்கரை மோட்டார் சைக்கிள் சீற்றில் வைத்துக் கட்ட அவர் உதவி செய்தார். அந்த மனிதர் மேல் எனக்கு அப்போது வந்த கோபம், அவர் என்னை ஏமாற்றியிருந்தாலும் வந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். என் காது சரியில்லையாம் என்று, ஏதோ பகிடி மாதிரித்தான் தொடங்கினேன். அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"அது எனக்குத் தெரியும்."

"எப்ப இருந்து?"

"பிள்ளை பிறந்த காலம் தொட்டு. அவள் கீச்சிட்டு அழுதாலும் நீங்கள் அசையமாட்டியள். முதல்லை நித்திரையாக்கும் எண்டு நினைச்சன். பிறகு ஒரு நாள் முழிச்சுக்கொண்டு கிடந்தும் எழும்பேல்லை."

"ஏன் சொல்லேல்லை?"

"சொல்லி? நீங்கள் செய்யிறது அந்தத் தொழில். உங்கட காதைப் பற்றி நீங்கள் கதைக்கிற கதையும் எனக்குத் தெரியும்."

மகள் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியும் என்பது அவள் முகத்தில் இருந்தது. என் மகள் மற்றப் பிள்ளைகளைப் போலக் கீச்சுக் குரலில் கத்த மாட்டாள். என்னோடு கதைக்கும்போது குரலைத் தாழ்த்தி, நிதானமாகத்தான் கதைப்பாள். எப்படி அடக்கமாக வளர்த்திருக்கிறேன் பார் என்று வருகிறவர்கள் போகிறவர்களிடம் பெருமை அடித்திருக்கிறேன். எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக அந்தச் சின்னப் பிள்ளை தானாகவே தன் குரலைக் கீழே இறக்கப் பழகியிருக்கிறாள். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கியது. கலியாண வீடுகளுக்கு நான் ஸ்பீக்கர் செட் பூட்டினால், முன்வரிசையில் இருப்பவர்கள் எழும்பிப் பின்னால் போவார்கள். "அண்ணை, கொஞ்சம் கிழிக்குது" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், நல்ல சத்தம் கேட்டுப் பழகாத சனம் என்று எனக்குள் சிரிப்பேன். எனக்குக் கேட்கும் வரைக்கும் மேல் சத்தத்தைத் திருகி ஏற்றியிருக்கிறேன். எத்தனை கலியாணத்தில் எத்தனை பேரின் காதைக் கிழித்தேனோ தெரியாது.

முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காதில் கருவியை மாட்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். கையை மடியில் வைத்தபடி கனநேரம் சும்மா இருந்தேன். டாக்டர் பிள்ளையைப் பார்த்தால் படிப்பு முடித்த உடனே வந்தவ போல இருந்தா. யுத்தத்தில் காயப்பட்டீர்களா என்று கேட்டா.

"இல்லை. எனக்குக் காயம் ஒண்டும் இல்லை."

இத்தனை வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்த பதில் தானாக வாயில் வந்தது. பொய்யாகச் சொல்லவில்லை. பங்கர் வாசலில் ஷெல் விழுந்தபோது இரண்டு காதிலும் இரத்தம் வந்தது உண்மை. சில நாள் உலகமே தண்ணீருக்குள் கிடந்தது போல இருந்தது. ஆனால் எனக்குப் பக்கத்தில் இருந்தவருக்குக் கால் இல்லை. அவருக்கு அடுத்ததாக இருந்தவர் இல்லவே இல்லை. அந்த இடத்தில் நின்றுகொண்டு, எனக்குக் காது வலிக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? வெட்கமாக இருந்தது. துணியால் துடைத்துவிட்டு நடந்தேன். பிறகு இரைச்சல் குறைந்தது, ஆட்கள் கதைப்பது கேட்டது, காதை மறந்துவிட்டேன். இங்கே காயம் என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மற்றவனின் காயத்துக்கு முன்னால் வைத்துப் பார்த்து, சின்னதென்றால் காயமே இல்லை என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிடுவோம்.

பிறகு ஷெல் விழுந்ததைச் சொன்னேன். மேல் சத்தம் கேட்கும் நரம்பு அன்றே செத்துவிட்டது, செத்த நரம்பு திரும்ப வராது, அன்றைக்கே காட்டியிருந்தாலும் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது என்றா அந்த டாக்டர் பிள்ளை. என்னைத் தேற்றத்தான் சொன்னா. எனக்கு அது இன்னும் கசந்தது. ஏன் காட்டவில்லை என்று என்னையாவது ஏசிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். அதற்கும் வழியில்லை.

இடப்பக்கத்து ஸ்பீக்கரைத் திரும்பத் திறந்தேன். அந்தச் சின்ன ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளைக் குளிர்மையாக வைத்திருக்க எண்ணெய் போல ஒரு துளித் திரவம் உண்டு. கரண்ட் ஏறிய சூட்டில் அது பசையாக இறுகி, சுருளை அசையவிடாமல் பிடித்து வைத்திருந்தது. கம்பி அறுபடவில்லை. அதனால் மீற்றருக்கு எல்லாம் சரி. துணுக்காய் ஐயா, டென்மார்க்கில் இருக்கும் தன் உறவினர் மூலம் புதியது ஒன்றை எடுப்பித்தார். கொண்டுபோய் அவர் வீட்டிலேயே மாற்றினேன். சரியா பிழையா என்று சொல்லச் சொல்லி அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு, என் வேலை எப்படி என்று இன்னொருவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவை.

அவ இரண்டு பெட்டிக்கும் நடுவில் நின்று கேட்டா. "இப்ப சரி" என்றா. அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கதிரை ஒன்றை இழுத்து நடுவில் போட்டார்.

"இருந்து கேளுங்கோ தம்பி. நீங்கள் செய்த வேலை."

மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. இருந்தேன். வயலின் ஒன்று தனியாக வந்தது. நன்றாகத்தான் இருந்தது. பிறகு அது மேலே ஏறத் தொடங்கியது. ஏறி, மெலிந்து, என்னை விட்டுவிட்டு எங்கேயோ போனது. அவர்கள் இரண்டு பேரின் முகமும் மாறியதைப் பார்த்து, அந்த இடத்தில் ஏதோ பெரிதாக நடக்கிறது என்று தெரிந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் வயலின் கீழே இறங்கி என்னிடம் வந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நல்லா இருக்கு ஐயா" என்றேன்.

நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு பேரும் தலையாட்டினோம். அன்று தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

கடை இன்னும் இருக்கிறது. ஸ்பீக்கர் வந்தால் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கேட்டுச் சொன்ன பிறகுதான் கொடுக்கிறேன். கடைக்கு வருபவர்களோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது யுத்த காலத்துக் கதை வரும். அப்போது யாராவது, எனக்கு ஒரு கீறலும் இல்லை, முழுசாகத் தப்பி வந்தேன் என்று சொன்னால் நான் ஓம் என்று தலையாட்டுவேன். ஆனால், போய் உன் வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுப் பார் என்று சொல்ல ஒவ்வொரு முறையும் வாய் உன்னுகிறது.