தைத்த சட்டைப்பை

"ணங்!"

முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்ததும் கூடத்தில் சாப்பாட்டுக்குக் காத்திருந்த இல்லவாசி கிளிஃபர்ட் நாக்கைச் சப்புக்கொட்டினார். ஹபீப் முகம்மதுவின் நீளக் கரண்டி டிஃபன் கேரியரின் அடியைத் தொட்டுவிட்டது. அப்படியென்றால் சோற்றுக்குள் யாரும் எதையும் ஒளித்துவைக்கவில்லை.

"அண்ணே, பிரியாணிக்குப் போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிச்சு லா! கோழி செத்தது உறுதி. உள்ள அனுப்புறேன்!"

கெலுகோரில், போதையை விட வந்தவர்கள் தங்கியிருக்கும் அந்த இல்லத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வரும் எந்தப் பொருளும் ஹபீப்பின் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். கறிபாப் பலகாரத்தைப் பிளப்பார். பற்பசையைப் பிதுக்குவார். பாட்டில் தேநீரில் போதை தரும் கெத்தும் இலைச் சாறு கலந்திருக்கிறதா என்று மூக்காலேயே தீர்ப்புச் சொல்வார். ஒருமுறை இல்லத் தலைவி ஷெரிலின் பிறந்தநாள் கேக்கை ஏழு இடத்தில் குத்திவிட்டார்; மெழுகுவர்த்தி செருக வசதியாயிற்று.

"எல்லாம் நான் செஞ்ச வேலைதான் தம்பி. செருப்புக்குள்ள வெச்சுக் கொண்டுவந்தவனே நான்தான்," என்பார் கிளிஃபர்ட்டிடம்.

பத்து காவான் என்ற ஊருக்கு லோரி ஓட்டிய காலத்தில் தொற்றிய பழக்கம். விட்டு நான்கு வருடம் ஆகிறது. சிகிச்சைக்கு வந்தவர் வேலையாளாகவே தங்கிவிட்டார். அவருடைய சட்டைப்பைகள் மட்டும் திறக்காது. மூன்று சட்டைக்கும் அவரே ஊசியெடுத்து, பச்சைச் சட்டைக்குக்கூட மஞ்சள் நூல் போட்டு, பையின் வாயை மூடித் தைத்திருக்கிறார். "பாக்கெட் இருந்தாத்தானே கை எதையாவது தேடும்?" அதனால் பேனாவுக்கு இடம் காதிடுக்கு.

மூன்று மணிக்கு வாசல் மணி அடித்தது. கரண்டியோடு போய்க் கதவைத் திறந்தார். ஃபாத்தின்! பெற்ற மகள்! ஆறு வருடத்துக்குப் பிறகு!

கைப்பையை அக்குளில் இறுக்கிக்கொண்டு நின்றாள். அந்த இறுக்கத்தின் காரணம் அவருக்குத் தெரியும். அவளுடைய கம்மலை அவர் எடுத்து விற்றது இப்படியொரு பையிலிருந்துதான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் அத்தா. உள்ள வரலாமா?"

"வஅலைக்கும் ஸலாம். வாம்மா. ஆனா... பையப் பாக்கணும்."

"யாரு? நீங்களா? என் பையையா?"

சிரிப்பதா அழுவதா என்று அவள் முகத்துக்கே விளங்கவில்லை. திரும்பிப் போய்விடுவாளோ என்று ஹபீப் பயந்தார். ஆனாலும் வாசலில் குறுக்கே நின்ற கால் நகரவில்லை.

"ரூல்ஸ்மா. ஷெரில் பையவே பாக்குறேன். நான் தொட மாட்டேன், நீயே தொறந்து காட்டு."

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். சீப்பு, சார்ஜர், மடித்த ஒரு படிவம்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள், படிவத்தை மேசையில் விரித்தாள். அடுத்த மாதம் அவளுக்கு நிக்காஹ். பெற்றவர் 'வலி', அதாவது மணப்பெண்ணின் காப்பாளர், என்ற முறையில் உட்கார்ந்து மணமுடித்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த உரிமையை இமாமிடம் ஒப்படைத்துக் கையெழுத்திட வேண்டும்.

"கையெழுத்து மட்டும் போதும் அத்தா. மாப்பிள்ள வீட்டுல நெறையப் பேர் வருவாங்க. நீங்க... வர வேணாம்."

ஹபீப் காதிலிருந்து பேனாவை எடுத்தார். "எங்க போடணும்மா?"

"பேனாவ ஏன் காதுல..." என்றவளின் கண் மஞ்சள் நூலில் நின்றது. விரல் நீட்டித் தொட்டுப் பார்த்தாள். "யாரு தெச்சது?"

"நான்தான். கோணலா இருக்கா?"

"பயங்கரக் கோணல் லா, அத்தா." விரலை நூலிலிருந்து எடுக்கவில்லை.

பேனா முனை காகிதத்தைத் தொடுமுன் படிவத்தை உருவிப் பையில் திணித்தாள். விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். "இதப் புடிங்க. செருப்பு மாட்டணும்."

கொதிக்கும் குழம்புச் சட்டியைப் போலப் பையை உடம்பில் படாமல் இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு நின்றார் ஹபீப். அவளோ அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, செருப்பின் வாரை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி நிதானமாக மாட்டினாள். எழுந்து பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். ஸிப்பைத் திறந்து பார்க்கவே இல்லை.

"அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை, காலையில பத்து மணிக்கு நிக்காஹ். சொங்கோக் தொப்பி போட்டுக்கிட்டு வாங்க. கரண்டி வேணாம்."

"அங்கயும் பிரியாணி இருக்கும்ல?"

சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள். ஹபீப் கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினார். கைகள் இரண்டும், பை இருந்த இடத்தில், இன்னும் நீட்டியபடியே இருந்தன.